வீட்டில் வேலை குறைகிறதாம், யார் வீட்டில்?

வீட்டிலிருந்து பார்த்தால் வேலை கூடுமா, குறையுமா என்று உலகம் முழுக்க வாதம் நடக்கிறது. அதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆராய்ச்சிகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. டேவிட் அட்கின், ஆன்டோனெட் ஷோர், சுமித் ஷிண்டே என்ற மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் இங்கே டேட்டா என்ட்ரி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். யார் வீட்டிலிருந்து பார்ப்பது, யார் ஆபீஸுக்கு வருவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடாமல் குலுக்கிப் போட்டுப் பிரித்தார்கள். 2023-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையின் முதல் முடிவு இது: வீட்டுக்கு ஒதுக்கப்பட்டவர்களின் உற்பத்தித்திறன், ஆபீஸுக்கு ஒதுக்கப்பட்டவர்களைவிட 18 சதவீதம் குறைவு.

இந்த 18 சதவீதத்தை நான் முதலில் பார்த்தது எங்கள் நிறுவனத்திலிருந்து வந்த ஒரு மெயிலில். இனி வாரத்தில் மூன்று நாள் எல்லோரும் ஆபீஸ் வர வேண்டும், வீட்டில் வேலை குறைகிறது என்று ஆராய்ச்சியே சொல்கிறது, அதுவும் சென்னையிலேயே செய்த ஆராய்ச்சி என்று எழுதியிருந்தார்கள். ஆபீஸ் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒரு கட்டுரையின் முதல் வரியை மட்டும் எடுத்து நம் தலையில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் முழுவதையும் உட்கார்ந்து படித்தேன். நான் நுண்ணுயிரியல் படித்தவள், பொருளாதாரம் படித்தவள் கிடையாது. ஆனால் ஒரு சோதனையில் யாரை எப்படிப் பிரித்தார்கள், எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்று பார்க்கத் தெரியும். படிக்கப் படிக்க, மெயிலில் சொன்னதற்கு மேல் எவ்வளவோ அதில் இருக்கிறது என்று புரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் வேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. நான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு டாக்டர் எழுதிய குறிப்பு இங்கே வரும். அதைச் சார்ட் என்போம். அதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டைப் போட வேண்டும். சிக்கல் எதுவும் இல்லாத இரண்டாம் வகை சர்க்கரை நோய் என்றால் ஈ11.9. அதே நோயாளிக்குச் சர்க்கரையால் நாள்பட்ட சிறுநீரக நோயும் வந்திருந்தால் ஈ11.22, கூடவே சிறுநீரக நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதற்குத் தனியாக இன்னொரு குறியீடு. சில சார்ட் இரண்டு பக்கம், சில நாற்பது பக்கம். முப்பதாவது பக்கத்தில் படிக்கும் ஒரு வரிக்கும் மூன்றாவது பக்கத்தில் இருந்த ஒரு வரிக்கும் தொடர்பு இருக்கும். அது நினைவில் நிற்க வேண்டும்.

நடுவில் எழுந்து போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேஸ் சிலிண்டர் வருகிறது, ஓடிபி சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு நிமிடம்தான். ஆனால் திரும்பி வந்து உட்கார்ந்தால் மூன்றாவது பக்கம் மறந்திருக்கும், மறுபடி மேலிருந்து படிக்க வேண்டும். போனது இரண்டு நிமிடம் இல்லை, கால் மணி நேரம். அப்படிப் படிக்காமல் விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தால் ஆடிட்டில், அதாவது நாங்கள் போட்ட குறியீட்டைச் சரிபார்க்கும்போது, பிழை விழும். 95 சதவீத குவாலிட்டிக்குக் கீழே போனால் இன்சென்டிவ் கிடையாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு சென்னை ஆராய்ச்சிக்குத் திரும்பலாம்.

அந்தக் கட்டுரையில் 18-ஐத் தாண்டி இன்னும் மூன்று எண்கள் இருக்கின்றன. குலுக்கிப் போடுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும், உங்களுக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க விருப்பமா, ஆபீஸில் பார்க்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். எல்லோரின் திறமையையும் தொடக்கத்திலேயே சோதித்திருக்கிறார்கள். வீட்டை விரும்பியவர்கள், ஆபீஸை விரும்பியவர்களைவிடத் தொடக்கச் சோதனையில் 12 சதவீதம் வேகமாக, பிழையும் குறைவாகச் செய்திருக்கிறார்கள். சோம்பேறிகள்தான் வீட்டில் இருக்க ஆசைப்படுவார்கள் என்று நம் மேனேஜர்கள் பலர் நினைப்பதற்கு நேர்மாறான முடிவு. அதற்கு அடுத்த முடிவுதான் என்னை நிறுத்தி வைத்தது. வீட்டை விரும்பியவர்கள் வீட்டில் வேலை பார்த்தபோது, ஆபீஸில் பார்த்திருந்தால் செய்திருப்பதைவிட 27 சதவீதம் குறைவாகச் செய்தார்கள். ஆபீஸை விரும்பியவர்களை வீட்டில் உட்கார வைத்தபோது குறைந்தது 13 சதவீதம்தான்.

நான் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுரையில் இப்படிப் போடவில்லை, இது என் தோராயமான கணக்கு. ஆபீஸை விரும்பும் ஒருவர் ஆபீஸில் 100 பதிவு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டை விரும்புபவர் அதே ஆபீஸில், அதே நேரத்தில் 112 முடிப்பார். இருவரையும் வீட்டுக்கு அனுப்பினால் முதலாமவர் 87-க்கு வருகிறார். இரண்டாமவர் 82-க்கு வந்துவிடுகிறார். மேனேஜர் கையில் இருக்கும் எக்செல் தாளில் 87-ம் 82-ம் மட்டும்தான் தெரியும். இருவரில் கெட்டிக்காரர் யார் என்று அந்தத் தாள் தலைகீழாகச் சொல்லும்.

வீட்டில் இவ்வளவு குறையும் என்றால் அவர்கள் ஏன் வீட்டை விரும்பினார்கள்? கட்டுரை அதற்கும் ஓரளவு பதில் சொல்கிறது. குழந்தை உள்ளவர்கள், வீட்டில் கவனித்துக்கொள்ள யாராவது இருப்பவர்கள், ஏழைக் குடும்பத்தினர் என்று, ஆபீஸ் வேலையைத் தேர்ந்தெடுப்பதே கஷ்டமாக இருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம். எந்தக் காரணத்தால் வெளியே போக முடியவில்லையோ, அதே காரணம்தான் வீட்டில் உட்கார்ந்தாலும் வேலையைக் குலைக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வீட்டில் இருக்கிறோம், ஆள் இல்லாததால்தான் வீட்டில் வேலையும் ஓடவில்லை. இது எனக்குப் புதிய செய்தி கிடையாது. ஆனால் இதை ஒருவர் அளந்து, எண்ணாக எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

என் டீமில் ஒரு பெண் இருக்கிறாள். சின்னசேலம் பக்கம். கல்யாணத்துக்கு முன் சென்னையில் ஹாஸ்டலில் தங்கி, ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தபோது எங்கள் டீமிலேயே அவள்தான் முதல். இருதய சிகிச்சை சார்ட் எல்லாம் அவளிடம்தான் போகும். இப்போது ஒன்றரை வயதுப் பையனோடு ஊரில் இருந்துகொண்டு பார்க்கிறாள். ஒரு நாள் அவளுடைய ஆடிட் பிழைகளைப் பற்றிப் பேச போன் செய்தேன். "அக்கா, சார்ட்ட தொறந்தாலே அவன் எந்திரிச்சிடறான். நீங்க நம்ப மாட்டீங்க, ராத்திரி பதினொரு மணிக்கு மேல பாத்த சார்ட்ல ஒரு பிழை இருக்கான்னு பாருங்க" என்றாள். பார்த்தேன். இல்லை. பிழை எல்லாம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டுக்குள் போட்டவை. அவளுடைய திறமை எங்கேயும் போகவில்லை. ஆனால் மாத ரிப்போர்ட்டில் நேரம் வராது, சராசரிதான் வரும். அந்தச் சராசரியை வைத்து அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

இனி இன்னொரு ஊருக்குப் போவோம். வீட்டிலிருந்து வேலை என்றால் எல்லோரும் சொல்லும் பெயர் நிக்கோலஸ் புளூம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். சீனாவில் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தின் ஷாங்காய் கால் சென்டரில் 2010 டிசம்பரில் தொடங்கி ஒன்பது மாதம் அவரும் கூட்டாளிகளும் சோதனை செய்தார்கள். அந்தக் கூட்டாளிகளில் ஒருவர் ஜேம்ஸ் லியாங், சிட்ரிப்பை நிறுவியவர்களில் ஒருவர். பிறந்த தேதி இரட்டைப்படை என்றால் வாரத்தில் நான்கு நாள் வீட்டில், ஒற்றைப்படை என்றால் ஆபீஸில். அங்கே வீட்டில் இருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. வேலையை விட்டுப் போனவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 2015-ல் கட்டுரை வந்தது, 2020-ல் ஊரடங்கு வந்தபோது எல்லோரும் அதைத்தான் எடுத்துக்காட்டினார்கள்.

ஷாங்காயில் 13 கூடியது, சென்னையில் 18 குறைந்தது. இரண்டில் ஒன்று பொய்யா? இல்லை. ஷாங்காயில் யார் சேரலாம் என்பதற்கு நிபந்தனை இருந்தது. நிறுவனத்தில் குறைந்தது ஆறு மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும், வீட்டில் பிராட்பேண்ட் இருக்க வேண்டும், வேலை பார்க்கத் தனி அறை இருக்க வேண்டும். வேலையை ஏற்கெனவே ஆபீஸில் கற்றுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையும் உள்ளவர்களை மட்டும்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். 13-ல் 9 சதவீதம், இடைவேளையும் உடம்பு சரியில்லை என்று எடுக்கும் லீவும் குறைந்ததால் வந்தது. மீதி 4 சதவீதம், வீடு அமைதியாக இருந்ததால் ஒரு நிமிடத்தில் கூடுதல் அழைப்புகளை முடித்ததால் வந்தது. வீடு ஆபீஸைவிட அமைதியாக இருந்ததாம்! இந்த வரியைப் படித்ததும் நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் வீடு குரோம்பேட்டையில், இரண்டு படுக்கையறை. ஒன்றில் அத்தையும் என் மகளும். இன்னொன்றில் நாங்களும் சின்னவனும். என் மேசை பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கிறது. நோயாளிகளின் விவரம் வெளியே போகக் கூடாது என்று அமெரிக்காவில் ஹிப்பா என்ற சட்டம் இருப்பதால், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் கோடர் தனி இடத்தில், திரை அடுத்தவருக்குத் தெரியாதபடி உட்கார வேண்டும் என்று எங்கள் நிறுவனம் விதி வைத்திருக்கிறது. அந்த இடத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். போட்டோவில் கதவு தெரியும், மேசை தெரியும். அந்த அறைக்குள் வந்துதான் எல்லோரும் துணி எடுக்க வேண்டும் என்பது போட்டோவில் தெரியாது.

அத்தைக்கு முட்டி வலி. வாசல் மணி அடித்தால் அவர் எழுந்து போவதற்குள் வந்தவர் போய்விடுவார். அதனால் நான்தான் போவேன். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, சின்னவனை ஸ்கூல் வேன் வரும் நேரத்தில் கீழே போய்க் கூட்டி வருவது அவர்தான், அந்த முட்டியோடு. என் கணவர் திருமுடிவாக்கம் சிட்கோவில் ஒரு சிஎன்சி பட்டறையில் இருக்கிறார். காலை எட்டுக்குப் போனால் இரவு எட்டு. அவர் வேலையை வீட்டுக்கு எடுத்துவர முடியாது.

ஊரடங்கின்போது பட்டறை மூடியிருந்த வாரங்களில் அவர் காய் நறுக்கினார், பாத்திரம் கழுவினார், சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டார். பட்டறை திறந்ததும் அது நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். அசோகா பல்கலைக்கழகத்தின் அஸ்வினி தேஷ்பாண்டே நாடு தழுவிய குடும்பக் கணக்கெடுப்பை வைத்து எழுதியதைப் பார்த்தால், 2020 ஏப்ரலில் இந்திய ஆண்கள் வீட்டு வேலைக்குச் செலவிட்ட நேரம் கூடியிருக்கிறது, ஆகஸ்டில் மறுபடி இறங்கியிருக்கிறது.

மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதைவிட நீண்ட காலத்தைக் காட்டுகிறது. 2019-ல், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024-ல் மறுபடி எடுத்தபோது பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. நடுவில் எவ்வளவோ நடந்தது. லட்சக்கணக்கான ஆண்கள் மாதக் கணக்கில், சிலர் வருடக் கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது, ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி அப்படியே இருக்கிறது. வீட்டில் இருப்பதும் வீட்டு வேலையில் பங்கெடுப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

அப்படியானால் பெண்களை ஆபீஸுக்கே வரச் சொல்லிவிடலாமே என்று எங்கள் மெயில் மாதிரி யோசிப்பவர்களுக்கு மும்பையில் நடந்த இன்னொரு சோதனையைக் காட்ட வேண்டும். சுஹானி ஜலோட்டா, லிசா ஹோ என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள இல்லத்தரசிகளுக்கு ஒரே மாதிரியான செல்போன் வேலையைக் கொடுத்தார்கள். சிலருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே, பெண்கள் மட்டுமே இருக்கும் சின்ன அலுவலகத்தில் வந்து செய்யலாம் என்றார்கள். சிலருக்கு வீட்டிலேயே செய்யலாம் என்றார்கள். அலுவலகம் என்றபோது வேலையை ஏற்றவர்கள் 27 சதவீதம். வீடு என்றபோது 56 சதவீதம். மேற்கு வங்கத்தில் லிசா ஹோவும் கூட்டாளிகளும் செய்த சோதனையில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அலுவலக வேலைக்கு 15 சதவீதம், நேரமும் இடமும் நம் வசதிக்கு என்றால் 48 சதவீதம்.

ஆக, வீடா ஆபீஸா என்ற ஒப்பீட்டில் 100-க்கு 82 என்று சொல்வது எல்லோருக்கும் பொருந்தாது. சின்னசேலத்துப் பெண்ணுக்கு ஆபீஸ் என்ற 100 இல்லவே இல்லை. அவளுக்கு ஒரு பக்கம் 82, இன்னொரு பக்கம் பூஜ்யம். மூன்று நாள் ஆபீஸ் வா என்ற மெயில் அவளைப் பொறுத்தவரை வேலையை விடு என்று சொல்வதுதான். அவள் விட்டால் அவளுடைய 82-ம் போகும். நிறுவனத்தின் சராசரி உயரும், அதைப் பார்த்து முடிவு சரிதான் என்று மகிழ்வார்கள்.

இதையெல்லாம் எழுதுவதால் ஆபீஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். சென்னைக் கட்டுரையில் அந்த 18-ல் மூன்றில் இரண்டு பங்கு முதல் நாளே தெரிந்துவிட்டது, மீதி ஒரு பங்கு, ஆபீஸில் இருந்தவர்கள் போகப் போக வேகமாகக் கற்றுக்கொண்டதால் வந்தது. இதை நான் முழுமையாக நம்புகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் பக்கத்து சீட்டில் ஓர் அக்கா இருந்தார். நான் ஒரு சார்ட்டில் முழிப்பதை என் முதுகைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சேரை நகர்த்திக்கொண்டு வந்து, "டாக்டர் இங்க 'ஹிஸ்டரி ஆஃப்'னு எழுதியிருக்காரு பாரு, இப்ப அந்த வியாதி இருக்கா, முன்னாடி இருந்துச்சா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. ஆன்லைன் சாட்டில் இதைக் கேட்க முடியாது, ஏனென்றால் நமக்குத் தெரியவில்லை என்பதே புதிதில் நமக்குத் தெரியாது.

ஆசியாவின் ஒரு பெரிய ஐடி சேவை நிறுவனத்தில் 10,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களின் பதிவுகளை வைத்து மைக்கேல் கிப்ஸ், ஃபிரடெரிக்கே மெங்கல், கிறிஸ்டோஃப் சீம்ராத் செய்த ஆய்வும் இதையேதான் சொல்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து அவர்கள் அதிக நேரம் வேலை பார்த்தார்கள், ஆனால் முடித்தது கொஞ்சம் குறைந்தது. உற்பத்தித்திறன் 8 முதல் 19 சதவீதம் வரை சரிந்தது. மீட்டிங் பெருகியது, இடையூறு இல்லாமல் உட்காரும் நேரம் சுருங்கியது, மேலே இருப்பவர் தனியாக உட்கார்ந்து சொல்லித் தருவது குறைந்தது. ஷாங்காயிலும், வீட்டில் இருந்தவர்களுக்கு அவர்கள் செய்த வேலைக்கு ஏற்ற பதவி உயர்வு கிடைப்பது குறைந்துவிட்டது. சோதனை முடிந்து, இனி உங்கள் விருப்பம் என்றபோது வீட்டில் இருந்தவர்களில் சுமார் பாதிப் பேர் ஆபீஸுக்குத் திரும்பினார்கள். தனிமை தாங்கவில்லை என்பதுதான் பெரிய காரணம். விரும்பியவர்கள் விரும்பிய இடத்தில் இருந்த பிறகு, முன்பு 13 சதவீதமாக இருந்த பலன் 22 ஆனது.

புதிதாகச் சேருபவர்கள் முதல் வருடம் ஆபீஸில்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்குப் பிறகு கலந்து பார்ப்பது நல்லது. புளூமும் ஜேம்ஸ் லியாங்கும் ரூபிங் ஹானும் அதே நிறுவனத்தில், இப்போது அதன் பெயர் டிரிப்.காம், 2021-22-ல் 1,612 பேரை வைத்து இதையும் சோதித்தார்கள். வாரத்தில் புதனும் வெள்ளியும் வீட்டில், மற்ற நாள் ஆபீஸில். 2024-ல் வந்த முடிவின்படி வேலையின் தரம் குறையவில்லை. வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, அதுவும் பெண்களிடமும், தூரத்திலிருந்து வருபவர்களிடமும், மேனேஜர் அல்லாதவர்களிடமும். சோதனைக்கு முன், இதனால் வேலை 2.6 சதவீதம் குறையும் என்று கணித்த மேனேஜர்கள், முடிந்த பிறகு 1 சதவீதம் கூடும் என்றார்கள்.

பயண நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 27 நாடுகளில் எடுத்த கணக்கில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் இந்தியர்களுக்கு மிச்சமாகும் பயண நேரம் சராசரியாக 99 நிமிடம். பல்லாவரத்திலிருந்து ரேடியல் ரோட்டில் துரைப்பாக்கம் போய்த் திரும்புபவர்களுக்கு இந்த எண் ஆச்சரியம் தராது. அந்த மிச்ச நேரம் எங்கே போகிறது என்றும் கேட்டிருக்கிறார்கள். எல்லா நாட்டுச் சராசரியில் 40 சதவீதம் மறுபடி சம்பள வேலைக்கே போகிறதாம். குழந்தையையோ வயதானவர்களையோ கவனிக்க 11 சதவீதம். முதலாளி குறைப்பட்டுக்கொள்ள இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

சட்டத்தில் ஓட்டை இருக்கிறது. 2017-ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே போய்ப் பார்க்கலாம் என்றது. விடுப்பு முடிந்த பிறகு, வேலை அதற்கு ஏற்றதாக இருந்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றும் சொன்னது. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிறுவனம் காப்பகத்தைத் தன் கட்டடத்துக்குப் பக்கத்தில் வைக்கும். வீட்டிலிருந்து பார்க்கும் தாய் சின்னசேலத்தில் இருக்கிறாள். காப்பகம் வேண்டுமென்றால் வீட்டை விட வேண்டும், வீடு வேண்டுமென்றால் காப்பகத்தை விட வேண்டும். சென்னைக் கட்டுரையில் வீட்டை விரும்பியவர்களுக்கு 27 சதவீதம் குறைந்ததே, அது குறைவது இந்த இடத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

2024 நவம்பரில் கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். படிப்பவர்களுக்கு ஒரு பகுதி, மடிக்கணினியோடு வந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு பகுதி. மேசை, மின்சாரம், இணையம் எல்லாம் குறைந்த கட்டணத்தில். இந்தச் செய்தியைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். இதே கட்டடத்தின் இன்னொரு மாடியில் ஒரு குழந்தைக் காப்பகம் இருந்தால் எப்படி இருக்கும்? அங்கன்வாடி இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்க்கிறது, ஆபீஸ் வேலை முடியும் நேரம் வரை இருப்பதில்லை. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு அங்கே இடமில்லை.

மும்பையில் பக்கத்திலேயே அலுவலகம் இருந்தும் 27 சதவீதம் பேர்தானே வந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டை விட்டு வெளியே போகவே குடும்பம் சம்மதிக்காத பெண்களுக்கு இது உதவாது, அவர்களுக்கு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைதான் வாசல். மேற்கு வங்கத்தில் அப்படி வீட்டில் தொடங்கியவர்கள் பிறகு வெளி வேலையையும் ஏற்க முன்வந்தார்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. நான் பேசுவது, ஏற்கெனவே வேலையில் இருந்துகொண்டு, கதவு சாத்த ஓர் அறையும் குழந்தையைத் தூக்க ஒரு கையும் இல்லாமல் திண்டாடுபவர்களைப் பற்றி. அவர்களுக்குத் தெருமுனையில் நான்கு மணி நேரம் கிடைத்தால் போதும், என் டீம் பெண் இரவு பதினொரு மணிக்குக் காட்டும் சுத்தத்தைக் காலை பத்து மணிக்கே காட்டுவாள்.

எங்கள் நிறுவனத்திடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஒன்று, எட்டு மணி நேரத்தை ஒரே நீளமாக லாகின் செய்யச் சொல்லாமல், இரண்டு துண்டாகப் பிரிக்க அனுமதி. மூன்று மணி நேரம் பகலில், ஐந்து இரவில் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். சார்ட்டுக்கு மறுநாள்தான் கெடு, பகலில் போட்டாலும் இரவில் போட்டாலும் அங்கே ஒன்றுதான். இரண்டு, ஆடிட் பிழையை மாதச் சராசரியாக மட்டும் பார்க்காமல், நாளின் எந்த நேரத்தில் விழுந்தது என்றும் பார்க்க வேண்டும். அந்தத் தகவல் சிஸ்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. முதலாவதை யோசிக்கிறோம் என்றார்கள். இரண்டாவதை எங்கள் டீம் லீட் தன் பொறுப்பில் இந்த மாதமே தொடங்கிவிட்டார், அதற்காக அவருக்கு நன்றி.

படைப்பகமும் காப்பகமும் சேர்ந்து எங்கள் பகுதியில் வேண்டும் என்று தாம்பரம் மாநகராட்சிக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கொளத்தூரில் அந்த இடத்தைப் பயன்படுத்தும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் எனக்குச் சில விவரம் வேண்டும். பகலில் வீட்டு வேலையை முடித்துவிட்டு வருபவர்களுக்கு இடம் கிடைக்கிறதா? போனில் பேசும் வேலை என்றால் தனியாகப் பேச இடம் இருக்கிறதா? குழந்தையோடு யாராவது வந்து திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறீர்களா? எழுதுங்கள், மனுவில் சேர்த்துவிடுகிறேன்.